சேஸி ஒருவருடையது, பாடி இன்னொருவருடையது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், சொகுசு செடான் கார்களை வாடிக்கையாளர் கேட்டபடி மாற்றித் தரும் பட்டறைகளைப் பற்றி வந்த கட்டுரை படிக்க நன்றாக இருந்தது. முல்லினர் பற்றிய பகுதியில் மட்டும் சில திருத்தங்கள் தேவை. சீட் தோலையும் மரப்பலகையையும் மாற்றிக் கொடுப்பதற்காக பிரிட்டனின் கார் நிறுவனமான பென்ட்லி தொடங்கிய பிரிவு முல்லினர் என்று எழுதியிருந்தீர்கள். பென்ட்லி நிறுவனம் பிறந்ததே 1919-ல்தான். எச்.ஜே. முல்லினர் லண்டன் மேஃபேரில் காருக்குப் பாடி கட்டும் பட்டறை போட்டது 1900-ல். அடுத்து, கட்டுரையோடு வெளியான 1930-ஆம் ஆண்டு 8 லிட்டர் ஸலூன் (செடானுக்கு பிரிட்டனில் வழங்கும் பெயர்) படத்தின் கீழ் 'பென்ட்லி தயாரிப்பு' என்று போட்டிருந்தீர்கள். அந்தக் காரில் பென்ட்லி தயாரித்தது சேஸியும் எஞ்சினும்தான். ரேடியேட்டரைத் தவிர வெளியே தெரிகிற கதவு, கூரை, மட்கார்டு, உள்ளே இருக்கிற சீட், மேலே அடித்த பெயின்ட் என்று மற்ற வேலை எல்லாம் ஒரு பாடி கட்டும் பட்டறையினுடையது.

கரூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஞ்சினும் ஸ்டியரிங்கும் சக்கரமுமாக மொட்டைச் சேஸி வந்து நிற்கும், அது பஸ் ஆவது பாடி கட்டுகிறவர் கையில். ரோல்ஸ்-ராய்ஸும் பென்ட்லியும் இரண்டாம் உலகப் போர் வரை இப்படித்தான் வியாபாரம் செய்தன. 8 லிட்டர் சேஸியின் விலை 1,850 பவுண்டு. அதற்கு 7,983 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில்கள், பிரேக், ரேடியேட்டர் எல்லாம் கிடைக்கும். வீல்பேஸ் 12 அடியா 13 அடியா என்பது வாங்குபவர் விருப்பம். உட்கார ஒரு சீட் கிடையாது. பாடிக்குத் தனியாகப் பட்டறை பார்த்து, தனியாக விலை பேசி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மொத்தம் 100 கார்கள் ஓடிய அந்த வரிசையில், நிறுவனர் டபிள்யூ.ஓ. பென்ட்லி தமக்கென்று வைத்திருந்த காருக்கு எச்.ஜே. முல்லினர் ஸலூன் பாடிதான் கட்டியிருந்தது. அந்தக் கார் இப்போது பென்ட்லி நிறுவனத்திடமே இருக்கிறது.

முல்லினர் குடும்பத்தின் பூர்விகம் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன். தொழில், குதிரை வண்டி கட்டுவது. 1760-லேயே ராயல் மெயிலுக்கு வண்டி கட்டினார்கள் என்று விளம்பரங்களில் சொல்வது உண்டு. குடும்பம் அப்போதே தொழிலில் இருந்திருக்கலாம். ஆனால் மெயில் கோச் என்ற வண்டி பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்கு முதன்முதலாக ஓடியது 1784 ஆகஸ்டில். அதற்கு முன் தபால் போனது குதிரைமேல் ஏறிய பையன்கள் கையில். விளம்பரத்தில் வரும் ஆண்டைச் செய்தித்தாள் ஒருமுறை சரிபார்த்துப் போடுவது நல்லது.

இன்னொரு குழப்பமும் இந்தப் பெயரில் உண்டு. முல்லினர் என்று ஒரு பட்டறை மட்டும் இருந்ததில்லை. நார்த்தாம்ப்டனில் ஆர்தர் முல்லினர், லண்டனில் எச்.ஜே. முல்லினர், பர்மிங்காமில் முல்லினர்ஸ் லிமிடெட் என்று தனித்தனிக் கம்பெனிகள். பர்மிங்காம்காரர்கள் கார் கம்பெனிகளுக்கு மொத்த ஆர்டரில் பாடி அடித்துக் கொடுத்தவர்கள். 1958-ல் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் அவர்களை வாங்கிவிட்டது. பென்ட்லியோடு சேர்த்து இன்று பேசப்படுவது லண்டன் எச்.ஜே. முல்லினர், அதாவது ஹென்றி ஜெர்விஸ் முல்லினர் தொடங்கியது. பழைய கார் விற்பனை விளம்பரத்தில் வெறுமனே 'முல்லினர் பாடி' என்று போட்டிருந்தால் எந்த முல்லினர் என்று முதலில் கேளுங்கள். விலை பல மடங்கு மாறும்.

எச்.ஜே. முல்லினரின் தொடக்க கால வாடிக்கையாளர்களில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனர்களுள் ஒருவரான சார்லஸ் ரோல்ஸும் உண்டு. அவருக்கு பலூன் பைத்தியம். சுருட்டிய பலூனையும் கூடையையும் பின்னால் ஏற்றிக்கொள்ளும்படி இரண்டு பேர் உட்காரும் பாடி ஒன்றை ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் சேஸியில் கட்டிக் கொடுத்தார்கள். வாடிக்கையாளருக்காக மாற்றுவது என்றால் அன்று அர்த்தம் இதுதான். காரின் உருவமே ஒருவருடைய தேவைக்காகப் பிறக்கும்.

குதிரை வண்டிப் பட்டறைகள் மோட்டாருக்கு மாறியது ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தேவையான ஆட்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்: மரச் சட்டம் கோக்கும் தச்சர், இரும்புப் பட்டை அடிக்கும் கொல்லர், தகடு தட்டுபவர், பெயின்டர், குஷன் வேலைக்காரர். சென்னையிலும் இதேதான் நடந்தது. 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டிய இடம். அங்கேதான் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார்.

இனி, பாடி எப்படிக் கட்டினார்கள் என்பது. கட்டுரையில் 'கையால் செய்தார்கள்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோனது இந்தப் பகுதிதான்.

வாங்குபவருக்கு வாட்டர்கலரில் ஒரு படம் போடுவார்கள். அவர் தலையாட்டியதும் பட்டறைச் சுவரில் காரின் முழு அளவுக்குப் பக்கத்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைவார்கள். தச்சர் அளவு எடுப்பது அந்தச் சுவரிலிருந்து. சட்டத்துக்கு ஆஷ் மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே மரம். நார் நீளமாக ஓடும், அதிர்ச்சியைத் தாங்கும், ஸ்க்ரூவை விடாது பிடிக்கும். நீராவிப் பெட்டியில் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் வைத்தால் வளைந்து கொடுக்கும். வளைவு அதிகமான இடத்தில் நார் ஓட்டத்துக்குக் குறுக்கே அறுத்தால் துண்டு அங்கேயே பிளக்கும் என்பதால் இரண்டு மூன்று துண்டுகளாகக் கோத்துப் பசையும் ஸ்க்ரூவும் போட்டார்கள். கதவு கீல் வரும் பில்லரிலும் முன் கண்ணாடி உட்காரும் மூலையிலும் கொல்லர் அடித்த இரும்புப் பட்டை ஏறும். கதவின் எடையை மரம் மட்டும் சுமந்தால் இரண்டு வருடத்தில் கதவு தொங்கிவிடும்.

தகடு பெரும்பாலும் அலுமினியம், 16 அல்லது 18 கேஜ், அதாவது 1.6 அல்லது 1.2 மில்லிமீட்டர். மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியலால் குழி எடுத்து, பிறகு வீலிங் மெஷினில் இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் தள்ளி வழுவழுப்பாக்குவார்கள். தட்டத் தட்ட அலுமினியம் இறுகும். இறுகியதைத் தட்டினால் ஓரத்தில் வெடிப்பு விழும். அதனால் நடுவில் சூடாக்கி இளக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரும்பு போல அலுமினியம் சிவந்து காட்டாது. சுமார் 660 டிகிரியில் ஒன்றும் சொல்லாமல் கொள்ளாமல் உருகி ஓட்டை விழுந்துவிடும். அதற்குப் பட்டறைக்காரர்கள் வைத்திருந்த தெர்மாமீட்டர் சாதாரண பார் சோப். தகட்டின்மேல் சோப்பைத் தேய்த்துவிட்டு அடியில் நெருப்புக் காட்டுவார்கள். சோப் கரும்பழுப்பானதும் நெருப்பை எடுத்துவிட வேண்டும். அந்தக் கணத்தில் தகடு இளகியிருக்கும். இன்றும் இந்த வேலை செய்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

தகடுகளை கேஸ் வெல்டிங்கில் சேர்க்கும்போது, உலோகம் நன்றாக ஒட்டுவதற்காக ஃப்ளக்ஸ் என்ற ரசாயனப் பொடி போடுவார்கள். வேலை முடிந்ததும் வெந்நீரும் பிரஷ்ஷும் கொண்டு அதைக் கழுவி எடுக்காமல் பெயின்ட் அடித்தால், சில மாதத்தில் வெல்டிங் கோட்டின் மேலேயே வெள்ளைப் பொடியாகப் பூத்து பெயின்ட் உப்பும். நம்மூரில் பழைய அலுமினிய பாடியை ரிப்பேர் செய்த பிறகு வருகிற புகார்களில் முக்கால்வாசி இதுதான். பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயன் இல்லை.

கட்டி முடித்த பாடியைச் சேஸியில் இறக்கியதும் அடுத்த தொல்லை ஆரம்பிக்கும். அந்தக் காலச் சேஸி ஏணி மாதிரி. மேடு பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். மேலே இருக்கிற பாடி முறுக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். விளைவு, மர மூட்டுகள் தளர்ந்து கிறீச் கிறீச் என்று சத்தம், தானாகத் திறக்கும் கதவு, முன் கண்ணாடி பில்லரின் அடியில் தகட்டில் கீறல். இதற்கு சார்லஸ் வைமன் என்பவர் 1920-களில் கண்ட வழி வேடிக்கையானது. மரத்தோடு மரம் உரசவே கூடாது என்று, மூட்டு ஒவ்வொன்றிலும் நடுவே எஃகுத் தகடு வைத்துச் சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். மேலே தகட்டுக்குப் பதில் பஞ்சும் கித்தானும், அதன்மேல் தோல்துணி. சேஸி முறுக்கும்போது பாடியும் கூடவே வளைந்து கொடுக்கும், சத்தமும் இராது. லைசென்ஸ் வாங்கி இந்த மாதிரி ஸலூன்களை பென்ட்லி சேஸியில் நிறையக் கட்டியது எச்.ஜே. முல்லினர். எடையும் குறைந்தது. குறை என்னவென்றால், தையல் வழியாக இறங்கும் மழைநீரைப் பஞ்சு குடித்துவைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே சட்டம் மக்கிக்கொண்டிருக்கும். துணிப் பாடி பளபளக்காது என்பதால் 1930-களில் மோகமும் போயிற்று.

எடை சாதாரண விஷயமில்லை. பென்ட்லி தன் சேஸிக்கு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்தது. அதன்மேல் வாடிக்கையாளர் எதை ஏற்றுவார் என்பது கம்பெனியின் கையில் இல்லை. 3 லிட்டர் கார் வேகத்துக்காகப் பிறந்தது. நீளச் சேஸியை வாங்கியவர்கள் அதன்மேல் நான்கு கதவு, நடுத் தடுப்புக் கண்ணாடி, பின்னால் சாமான் பெட்டி என்று மாளிகை கட்டினார்கள். கார் மலை ஏறத் திணறியது. அந்த எடையைத் தாங்குவதற்காகத்தான் 6½ லிட்டர் எஞ்சின் வந்தது, பிறகு 8 லிட்டர். முழு ஸலூன் பாடியோடு மணிக்கு 100 மைல் சத்தமில்லாமல் போக வேண்டும் என்பது 8 லிட்டரின் இலக்கு. எஞ்சினின் அளவைத் தீர்மானித்ததில் தச்சருக்கும் குஷன்காரருக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் மிகையில்லை. 1931-ல் பென்ட்லி திவாலாகி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போன கதை தனி.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக. செல்லுலோஸ் பெயின்ட் 1920-களின் நடுவில் வருவதற்கு முன், பிரைமர், பட்டி, நிறம், வார்னிஷ் என்று இருபதை ஒட்டிய பூச்சுகள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நுரைக்கல்லும் (பியூமிஸ்) தண்ணீரும் போட்டுத் தேய்ப்பு. இதற்கே பல வாரம். உள்ளே, டிரைவர் சீட் தோல், பின்னால் முதலாளி உட்காரும் சீட் கம்பளித் துணி. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மழையில் நனைந்து ஏறும் டிரைவருக்குத் தோல் துடைக்க வசதி. குளிர் நாட்டில் தோல் சில்லிடும், ஆகவே முதலாளிக்குத் துணி. தோல் என்றால் சொகுசு என்ற கணக்கு பிற்பாடு வந்தது.

1946-ல் வந்த பென்ட்லி மார்க் 6-தான் முதல் திருப்பம். கௌலியில் இருந்த பிரஸ்டு ஸ்டீல் கம்பெனி அச்சில் அழுத்திய எஃகு பாடியோடு, கம்பெனியே முழுக் காராக விற்றது. சுமார் 5,200 மார்க் 6 கார்களில் ஐந்துக்கு நான்கு இந்த எஃகு பாடி. போர் முடிந்த கையோடு கிடைத்த தகடு தரமாக இல்லாததால் அவை ஓரம் ஓரமாகத் துருப்பிடித்தன. மிச்சம் ஒரு பங்கு சேஸியாகப் பட்டறைகளுக்குப் போயிற்று. இன்று அலுமினிய பாடிகள் அதிகம் தப்பிப் பிழைத்திருப்பதற்கு எஃகு பாடிகளின் துருவும் ஒரு காரணம்.

எச்.ஜே. முல்லினர் தாக்குப்பிடித்தது மரத்தைக் கைவிட்டதால். சட்டத்தையே அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1952-ல் வந்த பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல் இதன் உச்சம். மொத்தம் 208 கார்கள், அதில் 193-க்கு எச்.ஜே. முல்லினர் பாடி. அங்கே எடை குறைப்பதற்கு முக்கியக் காரணம் டயர். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 190 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் அவ்வளவு கனமான காரைத் தாங்கும் டயர் அப்போது கிடையாது. அதனால் பம்பர், சீட் பிரேம், ஜன்னல் பிரேம் எல்லாம் அலுமினியமாயின. தொடக்கத்தில் ரேடியோவைக்கூட எடை என்று ஒதுக்கினார்கள்.

செடானுக்கு வருவோம். கான்டினென்டல் என்றால் இரண்டு கதவுதான் என்று கம்பெனி பிடிவாதமாக இருந்தது. நான்கு கதவோடும் அதே ஓட்டத்தில் கட்ட முடியும் என்று 1957-ல் கட்டிக் காட்டியது எச்.ஜே. முல்லினர். பெயர், ஃப்ளையிங் ஸ்பர். பட்டறையின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ஆர்தர் டால்பட் ஜான்ஸ்டனின் ஸ்காட்லாந்துக் குலச் சின்னமான சிறகு வைத்த குதிமுள்ளிலிருந்து (ஸ்பர், குதிரை ஓட்டுபவர் குதிகாலில் மாட்டுவது) வந்த பெயர் அது. இன்று கோடிக்கணக்கில் விலை போகும் ஃப்ளையிங் ஸ்பர் செடானின் பெயரையே பென்ட்லிக்குக் கொடுத்தது இந்தப் பட்டறை. உங்கள் கட்டுரை இதை நேர்மாறாகச் சொல்லியிருந்தது.

1959-ல் ரோல்ஸ்-ராய்ஸ் பட்டறையை வாங்கியது. 1961-ல், ஏற்கெனவே கைவசமிருந்த பார்க் வார்டு என்ற இன்னொரு பாடிப் பட்டறையோடு சேர்த்தது. உண்மையான அடி விழுந்தது 1965-ல். ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோவும் அதன் இரட்டையான பென்ட்லி டி-யும் மோனோகாக் முறையில் வந்தன. தனிச் சேஸி என்ற ஒன்றே இல்லை. தரை, பக்கவாட்டு அடிச்சட்டம், பில்லர், கூரை எல்லாம் சேர்ந்து சுமையைத் தாங்கும். பாடியைக் கழற்றினால் கார் என்று ஒன்று மிஞ்சாது. ஃபேன்டம் லிமோசின் மட்டும் பழைய முறையில் இன்னும் சில காலம் ஓடிற்று.

இதனால்தான், பென்ட்லியின் ஒரு பிரிவாக இருக்கும் இன்றைய முல்லினரின் வேலை பெரும்பாலும் பழைய பட்டறையின் கடைசி இரண்டு பிரிவுகளாகச் சுருங்கியிருக்கிறது: குஷனும் பெயின்ட்டும். அவற்றைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. தோலுக்குக் குளிர் நாட்டுக் காளை மாடுகளையே தேடுவார்கள். பசுவின் தோலில் கன்று ஈன்ற இழுவைக் கோடுகள் இருக்கும், வெப்ப நாட்டுத் தோலில் பூச்சிக் கடி வடு இருக்கும். மர வெனீர் 0.6 மில்லிமீட்டர் கனம். அடுத்தடுத்துச் சீவிய தாள்களைப் புத்தகம் விரித்தது போலத் திருப்பி ஒட்டி, இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக அமைப்பார்கள். கான்டினென்டல் ஜிடி முல்லினரில் சீட்டின் ஒவ்வொரு வைரக் கட்டத்துக்கும் 712 தையல். இவ்வளவு இருந்தும், ஃப்ளையிங் ஸ்பர் முல்லினர் என்று விற்கும் செடானின் வெளித் தகடு தொழிற்சாலை அச்சில் வந்ததே. அதைப் 'பாடி கட்டிய கார்' என்று எழுதுவது பொருந்தாது.

பொருந்துகிற உதாரணங்களும் உண்டு. 2002-ல் பிரிட்டன் அரசிக்குக் கொடுத்த ஸ்டேட் லிமோசின் ஒன்று. 6.2 மீட்டர் நீளம், பின் கதவுகள் பின்பக்கக் கீலில் அகலமாகத் திறக்கும், இறங்கும்போது நிமிர்ந்து நிற்கலாம். இன்னொன்று 2016-ல் வந்த முல்சான் கிராண்ட் லிமோசின். சாதாரண முல்சானைவிட ஒரு மீட்டர் நீளம், பின்பக்கக் கூரை 79 மில்லிமீட்டர் கூடுதல் உயரம்.

இப்படி நீட்டுவதை 'நடுவில் வெட்டி ஒட்டுவார்கள்' என்று உங்கள் கட்டுரை ஒரு வரியில் சொன்னதைப் படித்து எந்த டிங்கர் பட்டறையும் துணிந்துவிடக் கூடாது. மோனோகாக் காரை முதலில் ஜிக்கில் (அளவு மாறாமல் இறுக்கிப் பிடிக்கும் இரும்புச் சட்டம்) பூட்ட வேண்டும். வெட்டிய பிறகு பூட்டினால் தரை ஏற்கெனவே தொங்கியிருக்கும். முன், பின் கதவுகளுக்கு நடுவே தரையும் கூரையும் வெட்டி இணைப்பைச் செருகும்போது அடிச்சட்டத்துக்கு உள்ளே இன்னொரு பெட்டிச் சட்டம் ஓட வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் ஏறியதும் கூரை நெளியும், கதவு இடுக்கு மேலே குறுகிக் கீழே விரியும், முன் கண்ணாடி மூலையில் கீறும். பின்சக்கர டிரைவ் என்றால் நீண்ட ஒற்றைத் தண்டு வேகத்தில் கயிறு போல ஆடும். இரண்டாக்கி நடுவே பேரிங் வைக்க வேண்டும். பிரேக் பைப்பை இடையில் ஒட்டுப் போடாமல் முழு நீளமாகப் புதிதாக இழுக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் கேபிள், பெட்ரோல் பைப், வயரிங் எல்லாம் அதே கதை. கூடவே எடை ஏறுகிறது, பழைய ஸ்பிரிங்கும் பிரேக்கும் போதாது. ஏர்பேக் சென்சார்கள் பழைய நீளத்தின் கணக்கில் இருப்பவை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.-யில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

பழைய கார் வைத்திருப்போருக்கும் வாங்க நினைப்போருக்கும் உதவும் சில விஷயங்களைச் சொல்லி முடிக்கிறோம். சேஸி எண் ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பில், உள்ள தகட்டில் இருக்கும். பாடி கட்டியவரின் பெயர் முன் கதவின் கீழ்ப் படியில் சிறு உலோகத் தகடாக இருக்கும். அதை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு ஸ்க்ரூ கழற்றினால் எந்தக் காருக்கும் மாறக்கூடிய தகடு அது. சீட்டுக்கு அடியில் உள்ள மரம், கதவுப் பலகையின் உட்புறம் போன்ற இடங்களில் பட்டறையின் பாடி எண் குத்தியிருக்கும். எல்லாவற்றிலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். பழைய பென்ட்லிகளில் எத்தனையோ நல்ல ஸலூன் பாடிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, லே மான்ஸ் பந்தயக் கார் சாயலில் திறந்த பாடியை ஏற்றியிருக்கிறார்கள். விலை ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் பட்டறைகளின் வேலைக்கு இருந்த சாட்சி அதோடு போய்விட்டது.

மக்கும் இடங்கள் எப்போதும் ஒன்றே: கதவுக்குக் கீழுள்ள அடிச்சட்டம், கீல் பில்லரின் அடிப்பகுதி, டிக்கி வாயைச் சுற்றிய சட்டம். கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் கீலின் ஊசி தேய்ந்திருக்கிறது. பில்லரே சேர்ந்து ஆடினால் உள்ளே மரம் போய்விட்டது. அலுமினியத் தகட்டை மரத்தில் பிடிக்கும் இரும்பு ஆணிகளைச் சுற்றி ஈரக் காற்றில் அரிப்பு ஏற்பட்டு ஓரம் பொடியாகியிருக்கும். கடலோர ஊர்க் கார்களில் இதை முதலில் தேடுங்கள். திரும்பப் பூட்டும்போது இரண்டு உலோகத்துக்கும் நடுவே பிரைமரோ மெல்லிய துணியோ இருக்க வேண்டும்.

ஆஷ் இங்கே சுலபமாகக் கிடைக்காததால் தேக்கு போடுகிறார்கள். கரையான் விஷயத்தில் தேக்கு மேல். ஆனால் நீராவியில் ஆஷ் அளவுக்கு வளையாது, அதிர்ச்சியில் சீக்கிரம் பிளக்கும். வளைவுகளைத் துண்டு துண்டாகக் கோத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டும் முகத்தை தின்னரால் துடைத்துவிட்டு உடனே எபாக்சி போடாவிட்டால் மூட்டு விட்டுப்போகும். பழைய சட்டத்தை எரிக்காமல் வைத்திருங்கள். எவ்வளவு மக்கியிருந்தாலும் அளவு எடுக்க அதைவிட நல்ல மாதிரி இல்லை.

2021-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸியிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 'விஏ' வரிசையில் விண்டேஜ் எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். அதனால் அசல் பாடிதான் என்பதற்கு ஆதாரம் வைத்திருப்பது இப்போது காகிதத்திலும் பயன்படும். வேலை தொடங்கும் முன், கழற்றும் முன், ஒவ்வொரு மூட்டையும் அளவுகோல் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பென்ட்லி டிரைவர்ஸ் கிளப்பும், நார்த்தாம்ப்டன்ஷயரின் பாலர்ஸ்பரியில் உள்ள ரோல்ஸ்-ராய்ஸ் ஆர்வலர்கள் சங்கமும் சேஸிப் பதிவேடுகளைப் பாதுகாத்து வருகின்றன. சேஸி எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால், பாடி கட்டியவர் பெயர் உள்ள ஏட்டின் நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு.

இப்படிக்கு,
பழைய கார் பாடி வேலையில் இருக்கும் வாசகர்கள்,
கோவை.